கொலம்பஸ், இண்டியானா: இன்ஜின் தொழிற்சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே கணக்கு

கேள்வி இது: “கணவருக்கு இண்டியானா மாநிலம் கொலம்பஸில் வேலை கிடைத்திருக்கிறது. பெரியவள் பத்தாவது, சின்னவன் ஐந்தாவது. இவ்வளவு சின்ன ஊருக்கு இத்தனை பெரிய கம்பெனி எப்படி வந்தது? ஊரே அந்த ஒரு கம்பெனியை நம்பித்தான் இருக்கிறதா? பள்ளி, கல்லூரி எப்படி?”

முதலில் டிக்கெட் விஷயம். கொலம்பஸ் என்று தேடினால் ஒஹாயோ மாநிலத் தலைநகரம்தான் முன்னால் வந்து நிற்கும். அது வேறு ஊர். நீங்கள் குடியேறப் போகும் கொலம்பஸிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகும். நீங்கள் இறங்க வேண்டியது இண்டியானாபொலிஸ் விமான நிலையம், குறியீடு ஐஎன்டி. அங்கிருந்து ஐ-65 நெடுஞ்சாலையில் தெற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம். 68-ஆம் எண் வெளிவழியில் இறங்கினால் சிவப்பு வளைவுப் பாலங்கள் தெரியும். கொலம்பஸில் விமான ஓடுதளம் உண்டு, ஆனால் பயணிகள் விமானம் கிடையாது. அது 1942-இல் ராணுவம் போட்ட ஓடுதளம். 1970 வரை விமானப்படைத் தளமாக இருந்தது. அந்த வளாகத்தில்தான் இப்போது ஊரின் கல்லூரிகள் இருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் பெரிய கம்பெனி கம்மின்ஸ், லாரிகளுக்கு டீசல் இன்ஜின் செய்வது. உங்கள் மூன்று கேள்விகளும் உண்மையில் ஒன்றுதான். இந்த ஊரில் தொழிற்சாலை வரலாறு என்று ஒன்றும் பள்ளிக்கூட வரலாறு என்று ஒன்றும் தனித்தனியாக இல்லை. ஆள் பிடிக்க வேண்டுமானால் பள்ளி நன்றாக இருக்க வேண்டும் என்று எழுபது வருஷத்துக்கு முன்பே கணக்குப் போட்ட முதலாளி இங்கே ஒருவர் இருந்தார். அந்தக் கணக்கின் லாபமும் பாக்கியும் இரண்டுமே இன்றைக்கும் ஊரில் கண்ணுக்குத் தெரிகின்றன.

டிரிஃப்ட்வுட், ஃபிளாட்ராக் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து வெள்ளை ஆற்றின் கிழக்குக் கிளையாக மாறும் இடம் இது. 1818 ஒப்பந்தத்தில் லெனாபே மக்களிடமிருந்து மத்திய இண்டியானாவை அரசு எழுதி வாங்கியது. மூன்றே வருஷத்தில், 1821-இல், பார்த்தலோமியூ கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) அதன் தலைநகரும் உருவாயின. ஜான் டிப்டன் என்ற தளபதி 30 ஏக்கர் கொடுத்தார். ஊருக்கு டிப்டோனா என்று பெயர் வைத்தார்கள். சில வாரங்களிலேயே, 1821 மார்ச் 20 அன்று, அதைக் கொலம்பஸ் என்று மாற்றிவிட்டார்கள். கோபித்துக்கொண்டு போன டிப்டன் பிற்பாடு மாநில நெடுஞ்சாலை போடும் பொறுப்புக்கு வந்து, சாலையை ஊரைத் தொடாமல் ஒதுக்கிக் கொண்டுபோனார் என்று ஊரில் சொல்வார்கள். எப்படியானாலும் 1844-இல் மேடிசன்–இண்டியானாபொலிஸ் ரயில் பாதை இங்கே வந்து சேர்ந்தது. அதன் பிறகு ஊருக்குச் சரக்குக் கவலை இல்லை.

சரக்கு என்றால் மக்காச்சோளம். இன்றும் ஊர் எல்லையைத் தாண்டியதுமே இருபுறமும் சோளமும் சோயாவும்தான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தச் சோளத்தை உருளைகளில் நசுக்கி அவல் போல ஆக்கி, செரியலைன் என்ற பெயரில் விற்ற ஆலை ஒன்று இங்கே இருந்தது. பீர் காய்ச்சுகிறவர்களும் வாங்கினார்கள், காலை உணவாகவும் போனது. ஆலை போய்விட்டது, அதன் செங்கல் கட்டடம் போகவில்லை. கம்மின்ஸ் தன் ஆரம்ப நாட்களில் இன்ஜின் செய்தது அதற்குள்ளேதான். 1980-களில் கெவின் ரோச் வடிவமைத்த கம்மின்ஸ் தலைமையகத்தில் அந்தப் பழைய ஆலையை இடிக்காமல் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். தோல் பதனிடும் தொழிலும் ரீவ்ஸ் கப்பித் தொழிற்சாலையும் அந்தக் காலத்தவை. ரீவ்ஸ் செய்தது பெல்ட் ஓடும் வேகத்தை ஓட்டத்திலேயே கூட்டிக் குறைக்கும் கப்பி. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ் 1911-இல் எட்டுச் சக்கரக் கார் ஒன்றையும் செய்து பார்த்தார். உலோகத்தில் கைவைக்கத் தெரிந்த ஆட்கள் ஊரில் அப்போதே இருந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட ஒருவர்தான் கிளெஸ்ஸி கம்மின்ஸ். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். உள்ளூர் வங்கியாளர் டபிள்யூ. ஜி. இர்வின் வீட்டுக் காரை ஓட்டிப் பராமரித்தவர். 1919 பிப்ரவரியில் இர்வின் பணம் போட, கம்மின்ஸ் இன்ஜின் கம்பெனி தொடங்கியது. ஹ்விட் என்ற டச்சு வகை எண்ணெய் இன்ஜினை உரிமம் வாங்கிச் செய்தார்கள். சியர்ஸ் நிறுவனம் தன் தபால் விற்பனையில் விவசாயிகளுக்கு விற்க ஒப்புக்கொண்டது. அங்கேதான் முதல் அடி விழுந்தது. பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்பது சியர்ஸின் விதி. விவசாயிகள் ஒரு பருவம் ஓட்டிவிட்டு இன்ஜினைத் திருப்பி அனுப்பினார்கள். நஷ்டம் கம்மின்ஸ் தலையில்.

பத்து வருஷம் இர்வின் பணத்தை விழுங்கிய கம்பெனி அது. 1929 கிறிஸ்துமஸ் அன்று கிளெஸ்ஸி ஒரு பழைய பேக்கார்ட் காரில் டீசல் இன்ஜினைப் பொருத்தி, கையை விரிக்கும் நிலைக்கு வந்துவிட்ட இர்வினை ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டினார். கப்பலிலும் பம்பிலும் மட்டும் இருந்த டீசல் சாலையிலும் ஓடும் என்று நிரூபித்த ஓட்டம். அடுத்த மாதமே அதே காரில் நியூயார்க் கண்காட்சிக்கு 792 மைல் போனார். எரிபொருள் செலவு 1 டாலர் 38 சென்ட். 1931-இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஒரு டீசல் காரை இறக்கினார்கள். பதிமூன்றாவதாக வந்தது, ஆனால் 500 மைலையும் ஒரு தடவைகூட நிறுத்தாமல் ஓடி முடித்தது. லாரிக்காரர்களுக்கு அந்தச் செய்தி போதும். அப்படியும் கம்பெனி முதல் லாபம் கண்டது 1937-இல். பதினெட்டு வருஷம் நஷ்டத்தைத் தாங்க ஒரு உள்ளூர்க் குடும்பம் தயாராக இருந்தது. ஊருக்குக் கம்பெனி எப்படி வந்தது என்று கேட்டீர்களே, அது வரவில்லை. இங்கேயே பிறந்து, சாகவிடாமல் வளர்க்கப்பட்டது.

அதே 1931-இல் இன்னொன்று நடந்தது. நாட்டைக் குறுக்கே கடக்கும் சாதனை ஓட்டத்தில், கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் கிளெஸ்ஸி இருந்த லாரிக்குப் பிரேக் பிடிக்காமல் போனது. கீழே தண்டவாளத்தில் சரக்கு ரயில் கடந்துகொண்டிருந்தது, மயிரிழையில் தப்பினார்கள். அதை மனத்தில் வைத்திருந்தவர், ஓய்வுபெற்ற பிறகு இன்ஜினையே பிரேக்காக்கும் வழியைக் கண்டுபிடித்தார். டீசல் இன்ஜினில் பிஸ்டன் மேலேறிக் காற்றை நெருக்கும்போது வண்டியின் வேகம் அதில் செலவாகிறது. நெருக்கிய காற்று மறுபடி பிஸ்டனைக் கீழே தள்ளினால் அந்தச் சக்தி திரும்பி வந்துவிடும். தள்ளுவதற்கு முன், உச்சியில், வெளியேற்று வால்வைத் திறந்து காற்றை விட்டுவிட்டால்? இன்ஜின் வெறும் காற்று அமுக்கியாகிறது, வண்டி நிதானப்படுகிறது. இறக்கத்தில் லாரிகள் படபடவென்று அடிக்கும் சத்தம் அதுதான். ஜேக் பிரேக் என்பார்கள். ஜேக்கப்ஸ் கம்பெனி 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2022-இல் கம்மின்ஸ் அந்த ஜேக்கப்ஸ் பிரிவையே விலைக்கு வாங்கியது.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருவோம். இர்வினின் சகோதரி வழிப் பேரப்பிள்ளை முறை ஜே. இர்வின் மில்லர். 1909-இல் இந்த ஊரில் பிறந்து, யேலிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்து, 1934-இல் கம்பெனிப் பொறுப்புக்கு வந்தவர். தேசிய தேவாலயங்கள் மன்றத்துக்குப் பாதிரியாரல்லாத முதல் தலைவர் அவர்தான். 1960-களின் சிவில் உரிமைச் சட்டத்துக்காக உழைத்தவர். 1967-இல் எஸ்குவயர் இதழ் அவர் படத்தை அட்டையில் போட்டு, இவர்தான் அடுத்த அதிபராக வேண்டும் என்று எழுதியது.

போருக்குப் பிறகு பிள்ளைகள் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போனது. பள்ளி வாரியம் அவசரத்துக்கு முன்தயாரிப்புத் துண்டுகளைப் பொருத்தி வகுப்பறைகள் கட்டியது. அவை சரியாக அமையவில்லை. மறுபக்கம் மில்லருக்கு வேறு கவலை: நல்ல இன்ஜினியர் ஒருவரைப் பெருநகரத்திலிருந்து இந்தச் சோளக்காட்டுக்குக் கூப்பிட்டால், அவர் மனைவி கேட்கும் முதல் கேள்வி பள்ளி எப்படி என்பதுதான். (நீங்களும் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.) 1954-இல் தொடங்கிய கம்மின்ஸ் அறக்கட்டளை மூலம் அவர் வாரியத்துக்கு ஒரு யோசனை சொன்னார்.

அந்த ஏற்பாட்டின் நுணுக்கத்தைக் கவனியுங்கள், ஊரின் மர்மமே அதில்தான். கட்டடத்தை அறக்கட்டளை கட்டித் தராது. கட்டடக் கலைஞரின் கட்டணத்தை மட்டும் கொடுக்கும். கட்டுமானச் செலவு வழக்கம்போல் ஊர் வரியிலிருந்து. நாட்டின் முன்னணிக் கலைஞர்கள் சிலரின் பெயர்ப் பட்டியலைத் தரும்; அதிலிருந்து தேர்ந்தெடுப்பது வாரியத்தின் உரிமை. தேர்ந்தெடுத்த பிறகு வரைபடத்திலும் பட்ஜெட்டிலும் அறக்கட்டளை தலையிடாது. கலைஞரின் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பங்குதான். ஆனால் ஒரு சின்ன ஊரின் வாரியம் முதலில் கத்தரி போடும் இடமும் அதுதான். மிச்சம் பிடிக்கத் தோன்றும் அந்த இடத்தை மட்டும் அவர் ஏற்றுக்கொண்டார். மற்றதெல்லாம் ஊர்ப் பணம் என்பதால், கட்டடம் ஊருடையது என்ற எண்ணமும் கெடவில்லை.

1957-இல் ஹாரி வீஸ் வடிவமைத்த லிலியன் ஷ்மிட் தொடக்கப்பள்ளி முதலாவது. நீளமான பெட்டிக் கட்டடமாகக் கட்டாமல், ஒவ்வொரு வகுப்புக்கும் தனியாக ஒரு கூர்ங்கூரை வைத்தார் வீஸ். ஆறு வயதுப் பிள்ளை வெளியிலிருந்து பார்த்தால் தன் வகுப்பு ஒரு வீடு போலத் தெரியும். அதன் பின் 1960-இல் ஜான் கார்ல் வார்னெக்கியின் மேபல் மெக்டவல் பள்ளி, 1967-இல் குன்னர் பிர்கெர்ட்ஸின் லிங்கன் பள்ளி, 1982-இல் ரிச்சர்ட் மயரின் கிளிஃப்டி கிரீக் பள்ளி என்று வரிசை நீண்டது. பள்ளியோடு நிற்காமல் ராபர்ட் வென்ச்சூரியின் 4-ஆம் எண் தீயணைப்பு நிலையம் போன்ற பொதுக் கட்டடங்களுக்கும் ஏற்பாடு பரவியது.

திட்டத்துக்கு வெளியேயும் அந்தக் குடும்பத்தின் கை இருந்தது. 1942-இல் எலியல் சாரினென் கட்டிய ஃபர்ஸ்ட் கிறிஸ்டியன் சர்ச், 166 அடிக் கோபுரத்தோடு. அவர் மகன் ஈரோ 1954-இல் கட்டிய இர்வின் யூனியன் வங்கி: சுற்றிலும் கண்ணாடி, மேலே ஒன்பது சிறு குவிமாடங்கள், காசாளருக்குக் கம்பிக் கூண்டு இல்லை. சோளம் விற்ற பணத்தோடு சேற்றுப் பூட்ஸில் வருகிறவர் தயங்காமல் உள்ளே வரவேண்டும் என்ற எண்ணம் அந்தக் கட்டடத்தில் எழுதி வைத்தது போல் இருக்கும். 1969-இல் ஐ. எம். பெய் கட்டிய நூலகம், அதன் முன் ஹென்றி மூரின் பெரிய வெண்கல வளைவு. 1971-இல் மைரன் கோல்ட்ஸ்மித் கட்டிய ரிபப்ளிக் நாளிதழ் அலுவலகம்: மஞ்சள் நிற அச்சு இயந்திரம் ஓடுவதைத் தெருவில் போகிறவர் அன்று கண்ணாடி வழியே பார்க்க முடிந்தது. 1991-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் புதுமைக்காகப் போட்ட வரிசையில் சிகாகோ, நியூயார்க், சான் ஃபிரான்சிஸ்கோ, பாஸ்டன், வாஷிங்டன் ஆகிய ஐந்துக்கும் அடுத்து ஆறாவது இடம் இந்த ஊருக்கு. அன்றைய மக்கள்தொகை 32,000-க்கும் குறைவு. தேசிய வரலாற்றுச் சின்னங்கள் மட்டும் ஏழு இருக்கின்றன.

இதையெல்லாம் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பலர். பராமரிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. கட்டும்போது கட்டணம் கொடுக்க ஆள் இருந்தது. ஐம்பது வருஷம் கழித்துக் கூரை ஒழுகும்போது யார் கொடுப்பது? தட்டைக் கூரை, பெரிய கண்ணாடிப் பரப்பு, மூட்டுகளில் அடைத்த ரப்பர்ப் பூச்சு — இவை மூன்றுக்கும் மத்திய மேற்கின் பருவநிலை எமன். பகலில் உருகிய பனி விரிசலுக்குள் இறங்கும், இரவில் உறைந்து விரியும், மறுநாள் விரிசல் இன்னும் கொஞ்சம் வாய் திறக்கும். இப்படி ஒரு குளிர்காலத்தில் எத்தனையோ தடவை. ஃபர்ஸ்ட் கிறிஸ்டியன் கோபுரத்தின் செங்கற்களையே அண்மையில் பெரும் செலவில் சீர்செய்ய வேண்டியிருந்தது. நடுத்தெருவில் சீசர் பெல்லி 1973-இல் கட்டிய காமன்ஸ் என்ற கண்ணாடி மண்டபம் தாக்குப்பிடிக்கவில்லை. எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு இடித்து, 2011-இல் புதிதாகத் திறந்தார்கள். உள்ளே இருந்த ழான் டிங்கெலியின் சுழலும் இரும்புச் சிற்பம் மட்டும் அப்படியே நின்றது. ஈரோ சாரினெனின் கடைசிப் படைப்பான நார்த் கிறிஸ்டியன் சர்ச்சில் ஆட்கள் குறைந்து 2022-இல் சபையே கலைந்தது; அறுகோணக் கட்டடமும் 192 அடி ஊசிக் கோபுரமும் இப்போது பொது நூலகத்தின் பொறுப்பில். மெக்டவல் பள்ளியில் வகுப்புத் தொகுதிகளைக் கூரை மட்டும் போட்ட திறந்த நடைபாதைகள் இணைத்தன. படத்தில் அழகு. ஜனவரியில் சின்னப் பிள்ளைகளுக்கு அது வேறு கதை. 1982-இல் தொடக்கப்பள்ளியை மூடி முதியோர் கல்விக்கு மாற்றினார்கள்.

அடுத்தது, ஒற்றைக் கம்பெனிக் கேள்வி. ஆமாம், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் முழுக்க அல்ல. ஆர்வின் என்றொரு கம்பெனி இங்கே வேரூன்றி, கார் ஹீட்டர், ரேடியோ, சைலன்சர் என்று செய்து பெரிதாகி, 2000-இல் மெரிட்டருடன் இணைந்து தலைமையகத்தை மிச்சிகனுக்குக் கொண்டுபோய்விட்டது. தலைமையகம் போனால் ஊருக்கு என்ன போகும் என்று அன்று பார்த்தார்கள்: முடிவெடுக்கிற ஆட்களும், அவர்களோடு நன்கொடையும். 2022-இல் அந்த மெரிட்டரையே கம்மின்ஸ் வாங்கியது என்பது காலத்தின் சுற்று. 1980-களின் கடைசியிலிருந்து ஜப்பானிய கம்பெனிகளும் வந்தன: டொயோட்டாவின் ஃபோர்க்லிஃப்ட் ஆலை, என்டிஎன் கார் அச்சுத்தண்டு ஆலை, என்கெய் சக்கர ஆலை. இவை இருப்பதால் கம்மின்ஸில் ஆள் குறைக்கும் காலத்தில் சிலருக்காவது வேறு வாசல் உண்டு. ஆனால் இவையும் வண்டி, இயந்திரம் சார்ந்தவையே. மழை பெய்தால் எல்லாக் குடையும் சேர்ந்தே நனையும்.

கம்மின்ஸ் வேலையின் ஏற்ற இறக்கத்தை நீங்கள் புரிந்துகொள்வது நல்லது. லாரி இன்ஜினுக்குப் புதிய மாசு விதி வரப்போகிறது என்றால், விலை கூடும், புதுத் தொழில்நுட்பம் தொல்லை தரும் என்று பயந்து லாரிக் கம்பெனிகள் முந்திய வருஷமே வாங்கிக் குவிக்கும். ஆலையில் ஓவர்டைம் பறக்கும். விதி வந்த வருஷம் ஆர்டர் படுத்துவிடும். 2006-இல் ஏற்றமும் 2007-இல் இறக்கமும் அப்படித்தான் வந்தன. கணவர் ஒப்பந்த ஊழியராக வருகிறாரா, நிரந்தர ஊழியராகவா என்பது இங்கே மிக முக்கியம். இறக்கத்தில் முதலில் போவது ஒப்பந்தக்காரர்கள். விசா வேலையோடு கட்டப்பட்டிருந்தால், ஆறு மாதச் செலவைக் கையில் வைத்திருப்பது அவசியம்.

கம்பெனி கைமாறும் ஆபத்தும் வந்ததுண்டு. 1988-இல் பிரிட்டனின் ஹான்சன் நிறுவனம் பங்குகளை வாங்கிச் சேர்த்தது. வாங்கிப் பிரித்து விற்பதில் பேர்போன கம்பெனி. 1989-இல் மில்லர் குடும்பம் தன் சொந்தப் பணம் 7.2 கோடி டாலரைக் கொடுத்து அந்தப் பங்குகளை மீட்டது. அடுத்த வருஷம் ஃபோர்டு, குபோட்டா, டென்னெக்கோ மூன்றும் சேர்ந்து 25 கோடி டாலர் முதலீடு செய்த பிறகுதான் மூச்சு வந்தது. அந்தக் குடும்பத்தின் வங்கிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வீட்டுக்கடனில் அகலக்கால் வைத்த இர்வின் யூனியன் வங்கியை 2009 செப்டம்பரில் அரசு மூடியது. கண்ணாடி வங்கிக் கட்டடம் பிறகு கம்மின்ஸின் கருத்தரங்கக் கூடமானது.

ஊருக்கு வலித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2013 முதல் 2019 வரை வந்த ராம் பிக்கப் லாரிகளில் 6,30,000 வண்டிகளின் இன்ஜின்களில், சோதனையில் ஒருவிதமாகவும் சாலையில் வேறுவிதமாகவும் மாசுக் கட்டுப்பாடு இயங்கும்படி செய்யும் கருவிகள் இருந்தன என்று மத்திய அரசு குற்றம் சாட்டியது. கம்மின்ஸ் தவறை ஒப்புக்கொள்ளாமலே 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட 2023 டிசம்பரில் இணங்கியது. ராம் இன்ஜின்களைச் செய்யும் ஆலை ஊருக்குத் தெற்கே வேல்ஸ்பரோவில் இருக்கிறது. டீசலின் காலம் எவ்வளவு நாள் என்ற கேள்வியும் கூடவே நிற்கிறது. பேட்டரி, ஹைட்ரஜன் பிரிவுக்கு 2023-இல் அக்செலெரா என்று தனிப் பெயர் வைத்தார்கள், ஆனால் சோறு போடுவது இன்னும் டீசல்தான்.

இந்தியர்கள் இங்கே கூடுதலாக இருப்பதற்கு வேர் 1962-இல் இருக்கிறது: புனேயில் தொடங்கிய கிர்லோஸ்கர் கம்மின்ஸ். அந்த வழியில் வந்த இன்ஜினியர்கள் பலர், அவர்களில் தமிழர்களும் உண்டு. ஊரின் மக்கள்தொகை 2000-இல் 39,059, 2020-இல் 50,474. ஆகவே உங்கள் பிள்ளைகள் வகுப்பில் ஒற்றை ஆளாக இருக்க மாட்டார்கள். பெரிய கோயிலுக்கு இண்டியானாபொலிஸ் போக வேண்டும், ஒரு மணி நேரம். நகரப் பேருந்து உண்டு, ஆனால் அதை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது. வீட்டில் இரண்டு பேருக்கும் ஓட்டுநர் உரிமம் வேண்டும்.

வீடு பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: ஹா கிரீக். பார்த்தால் ஓடை. 2008 ஜூன் 7 அன்று மேற்பகுதியில் கொட்டிய மழையில் அது கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. கொலம்பஸ் வட்டார மருத்துவமனையின் அடித்தளத்தில்தான் மருந்தகம், ஆய்வகம், சமையலறை, மின்சாதனங்கள் எல்லாம் இருந்தன. அடித்தளம் நிரம்பியதும், மேல் மாடிகளுக்குள் சொட்டு வெள்ளம் புகாமலே மருத்துவமனை செத்துப்போனது. 157 நோயாளிகளை வெளியேற்றினார்கள். மறுபடி திறக்க அக்டோபர் கடைசி ஆனது. பிறகு மருத்துவமனையைச் சுற்றி வெள்ளத் தடுப்பு எழுப்பினார்கள். எனவே வாடகையோ சொந்தமோ, முகவரியை ஃபீமா என்ற மத்தியப் பேரிடர் அமைப்பின் வெள்ள வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. வெள்ளக் காப்பீடு தனி, எடுத்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் செல்லும். அடித்தளம் இருந்தால் நீரிறைக்கும் சம்ப் பம்ப் ஓடுகிறதா, மின்சாரம் போனால் அதற்கு பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள். புயல் நாளில் மின்சாரம் போகும் நேரமும் பம்ப் தேவைப்படும் நேரமும் ஒன்றாகத்தான் வரும்.

பள்ளி. ஊரின் பெரும்பகுதி பார்த்தலோமியூ ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டத்தில் வருகிறது. பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். கவுண்டியின் கிழக்கே ஹோப் பக்கம் வேறு மாவட்டம், ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் முகவரியைப் பள்ளி அலுவலகத்தில் சொல்லி உறுதி செய்யுங்கள். சின்னவனுக்கு முகவரிப்படி ஒரு தொடக்கப்பள்ளி கிடைக்கும். இதைத் தவிர சிக்னேச்சர் அகாடமி என்ற பெயரில் செயல்திட்டம் வழியே பாடம் நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், இடம் எளிதில் கிடைக்காது. பெரியவளுக்கு நார்த், ஈஸ்ட் என்று இரண்டு உயர்நிலைப் பள்ளிகள், கூடவே செயல்திட்ட வழியில் நடக்கும் நியூ டெக். வெல்டிங், இயந்திரக் கடைசல், மருத்துவ உதவி என்று தொழில் கற்றுத்தரும் சி4 என்ற பிரிவும் உண்டு. நம் பெற்றோர் அதைத் தாழ்வாக நினைத்து ஒதுக்குகிறார்கள். இன்ஜினியராகப் போகிற பிள்ளை ஒரு வருஷம் லேத்தில் நின்றால் அது வீணல்ல.

பள்ளிக்குப் பணம் வரும் வழி இது: ஆசிரியர் சம்பளத்தின் பெரும்பகுதி மாநில அரசிடமிருந்து, மாணவர் தலைக்கு இவ்வளவு என்று. கட்டடம், பேருந்து ஆகியவற்றுக்கு உள்ளூர்ச் சொத்து வரி. அந்த வரிக்கு மாநில அரசியல் சாசனத்தில் 2010 முதல் உச்சவரம்பு: குடியிருக்கும் வீட்டுக்கு மதிப்பில் 1 சதவீதம், வாடகை வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் 2, வணிகத்துக்கு 3. இதற்கு மேல் பள்ளிக்குப் பணம் வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்புக்குப் போக வேண்டும். வாக்கெடுப்பில் ஒப்புக்கொண்ட வரி உச்சவரம்புக்குள் அடங்காது. 2020-இல் இந்த ஊர் மக்கள் ஆசிரியர் சம்பளத்துக்காக அப்படி ஒரு வரியை ஒப்புக்கொண்டார்கள். கட்டடங்களைவிட இந்த வாக்குதான் ஊரின் மனசைக் காட்டுகிறது என்பது என் கருத்து.

கல்லூரி என்று வந்தால், பழைய விமானத்தள வளாகத்தில் ஐவி டெக் சமுதாயக் கல்லூரி, இண்டியானா பல்கலைக்கழகம், பர்டூ பாலிடெக்னிக் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். 2011-இல் சீசர் பெல்லி வடிவமைத்த உற்பத்தித் தொழில்நுட்ப மையம் அங்கேதான். கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரங்களையும் ரோபோக்களையும் பொதுவில் பயன்படுத்துகிறார்கள். இப்படிப் போட்டியில்லாமல் பகிர்வது தானாக நடக்கவில்லை. 1997-இல் தொடங்கிய சமுதாயக் கல்விக் கூட்டணி கம்பெனிகளையும் பள்ளிகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது. 2007-இல் லில்லி அறக்கட்டளையின் 3.8 கோடி டாலர் மானியத்தில் தென்கிழக்கு இண்டியானாவின் பத்துக் கவுண்டிகளுக்கு அதை விரித்தார்கள். ரிபப்ளிக் கட்டடத்தில் 2018 முதல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை முதுநிலைப் படிப்பு நடக்கிறது.

பெரியவளுக்காக இரண்டு எச்சரிக்கை. 1970 முதல் இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயரையும் தாங்கிய ஐயுபியுசி 2024 ஜூலையில் இண்டியானா பல்கலைக்கழகம் கொலம்பஸ் ஆகிவிட்டது. பழைய பக்கங்களைப் படித்து முடிவெடுக்காமல், சேரும் படிப்பின் பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, ஐவி டெக்கில் தொடங்கி நான்கு வருஷக் கல்லூரிக்கு மாறலாம். மாநிலம் முழுக்கச் செல்லும் 30 கிரெடிட் பொதுப்பாடத் தொகுப்பை முழுதாக முடித்தால் அது அப்படியே ஏற்கப்படும். அரைகுறையாக முடித்துப் போனால் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாக மதிப்பிடுவார்கள், அங்கேதான் பல கிரெடிட் காணாமல் போகும். உயர்நிலைப் பள்ளியிலேயே, பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும் இரட்டைக் கிரெடிட் பாடங்கள் எடுக்க ஆலோசகரிடம் முதல் வாரமே கேட்கச் சொல்லுங்கள்.

புறப்படுமுன் ஊரிலேயே செய்ய வேண்டியது தடுப்பூசி. இண்டியானாவில் சின்னம்மைத் (வாரிசெல்லா) தடுப்பூசி இரண்டு தவணை, மஞ்சள் காமாலை ஏ வகைக்கு இரண்டு தவணை கேட்பார்கள். இந்த இரண்டும் நம் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இல்லாததால் பல பிள்ளைகளுக்குப் போட்டிருக்காது. காமாலை ஏ ஊசியின் இரண்டு தவணைக்கும் இடையே ஆறு மாதம் வேண்டும், ஆகவே முதல் தவணையை இப்போதே போட்டுவிடுங்கள். சின்னவன் அடுத்த வருஷம் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது டிடாப் ஊசியும் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் மூன்றுக்கும்) மூளைக்காய்ச்சலுக்கான மெனிங்கோகாக்கஸ் ஊசியும் சேரும். பெரியவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் மெனிங்கோகாக்கஸ் இரண்டாம் தவணை. மருத்துவரின் முத்திரையோடு, நாள் மாதம் வருஷம் தெளிவாக, மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதி வாங்குங்கள். 04/07 என்று இருந்தால் இங்கே அதை ஏப்ரல் 7 என்று படிப்பார்கள், இடைவெளிக் கணக்கு தவறிப்போய் ஊசியை மறுபடி போடச் சொல்வார்கள்.